லா-முலானாவை முடிப்பது எப்படி: கொப்பியும் பேனையுமாக ஒரு முழு வழிகாட்டி

பார்த்தவுடன் இது ஒரு சண்டை விளையாட்டு என்றுதான் தோன்றும். சாட்டையை வீசிக்கொண்டு ஓடும் பேராசிரியர், பாய்ந்து வரும் வௌவால்கள், முள் நிறைந்த குழிகள், திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் அரக்கர்கள். ஆனால் லா-முலானாவில் ஆட்களைப் பாதியில் நிறுத்திவிடுவது சண்டையை விட வாசிப்புத்தான். சுவரில் இருக்கும் கல்வெட்டை வாசிக்காமல் தாண்டிப் போனவர், பத்து அறை தள்ளி ஒரு கதவின் முன்னால் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பார். வாசித்ததை எழுதி வைத்து, வேறொரு நாளில், வேறோர் இடத்தில் நிற்கும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவர் இதை முடிப்பார்.

இலங்கை மலையகத்தில் இருந்து விளையாடுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிக்னல் ஒரு கோடு காட்டும், மழை வந்தால் அதுவும் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்லைன் விளையாட்டுகளை நம்பி உட்கார முடியாது. லா-முலானாவுக்கு நெட் வேண்டாம், புதிய மெஷின் வேண்டாம், இன்னொரு நாட்டில் இருக்கும் சர்வர் வேண்டாம். பொறுமையும் ஒரு கொப்பியும் போதும். புதிர்களின் விடைகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை. விடையைச் சொல்லிவிட்டால் இந்த விளையாட்டில் மிச்சம் ஒன்றும் இருக்காது. விடையை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

ஒரே பெரிய வரைபடம், எங்கும் பூட்டிய வழிகள், புதிய சக்தியோ பொருளோ கிடைத்ததும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த வழியைத் திறப்பது. இந்த வகையைத்தான் மெட்ராய்ட்வேனியா என்கிறார்கள். 1986இல் வந்த மெட்ராய்ட், அதே ஆண்டில் தொடங்கிய காசில்வேனியா என்ற இரண்டு தொடர்களின் பெயர்களைச் சேர்த்து உண்டான சொல் அது.

லா-முலானாவை 2005இல் ஜப்பானில் ஜிஆர்3 ப்ராஜெக்ட் என்ற ஒரு சின்னக் குழு இலவசமாக வெளியிட்டது. 1980களில் அங்கே பரவலாக இருந்த எம்எஸ்எக்ஸ் கம்பியூட்டர்மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் அதில் ஒவ்வொரு புள்ளியிலும் தெரியும். கொனாமி நிறுவனம் 1987இல் எம்எஸ்எக்ஸுக்கு வெளியிட்ட ‘மேஸ் ஆஃப் கேலியஸ்’தான் இதற்கு முன்னோடி. பிறகு அதே குழு நிகோரோ என்ற பெயரில் முழு விளையாட்டையும் புதிதாக வரைந்து, 2011இல் ஜப்பானில் நின்டெண்டோவின் வீ கருவிக்கும் 2012இல் விண்டோஸுக்கும் கொண்டுவந்தது. இந்த வழிகாட்டி அந்தப் புதிய பதிப்புக்கானது.

கையில் என்ன வேண்டும்

விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம், ஜிஓஜி தளங்களில் கிடைக்கிறது. நம் பக்கத்துக்கு ஜிஓஜி வசதி என்பது என் கருத்து. இன்ஸ்டோல் செய்யும் பைலை டவுனில் நல்ல வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பென்டிரைவில் எடுத்து வந்துவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். செகண்ட் ஹேண்ட் லெப்டொப்பிலும் தடையில்லாமல் ஓடும்.

கீபோர்டிலும் விளையாடலாம், ஆனால் ஒரு சாதாரண யூஎஸ்பி கேம்பேட் இருந்தால் கைக்கு நிம்மதி. வாங்கும்போது சிலுவை வடிவத் திசைப் பட்டன் இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இந்த விளையாட்டில் அந்தப் பட்டனுக்குத்தான் வேலை அதிகம்.

கரண்ட் விஷயம். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாடு இது. இன்றைக்கும் தென்மேற்குப் பருவ மழையில் நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஒரு மரம் வயர்மேல் சாய்ந்தால் போதும். லெப்டொப்பின் பேட்டரி செத்திருந்தால் கடைசியாக சேவ் செய்த இடத்துக்குப் பின் செய்ததெல்லாம் போய்விடும். அதனால் புதிதாக ஏதாவது ஒன்று கிடைத்தவுடன், அது சின்னப் பொருளாக இருந்தாலும், திரும்பிப் போய் சேவ் செய்வதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கொப்பியைத் தயார் செய்வது

இந்த ஒரு படியைத் தவிர்க்காதீர்கள். கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று, பேனை, இரண்டு வண்ணப் பென்சில். கொப்பியை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் பகுதி வரைபடம். விளையாட்டில் திரை நகர்ந்துகொண்டே வராது. ஓர் அறையின் விளிம்பைத் தொட்டால் அடுத்த அறைக்குத் திரை மாறும். அதனால் ஓர் அறைக்கு ஒரு சதுரம் என்று வரைவது சுலபம். விளையாட்டுக்குள்ளும் வரைபடம் கிடைக்கும். அது அறைகள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று காட்டுமே தவிர, எந்த அறையில் உங்களுக்குப் புரியாத சிலை நிற்கிறது என்று காட்டாது. அதைக் குறிப்பது உங்கள் வேலை.

இரண்டாம் பகுதி கல்வெட்டுகள். இங்கே ஒரு முறையைக் கடைப்பிடியுங்கள். திரையில் வரும் ஆங்கில வரியை அப்படியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம். கீழே தமிழில் உங்களுக்கு விளங்கியதை எழுதுங்கள். பக்கத்தில் எந்தப் பகுதி, எந்த அறை என்று குறியுங்கள். தமிழில் மட்டும் எழுதிவிட்டால், அதே ஆங்கிலச் சொல் வேறொரு கல்லில் திரும்பவும் வரும்போது இரண்டும் ஒன்றுதான் என்பது கண்ணில் படாமல் போகும். ஓ.எல். ஆங்கிலமே தட்டுத்தடுமாறிப் படித்தவர்களுக்கும் இது முடியும். வரிகள் சின்னவை. வசனம் பழைய வேத வாக்கியம் போல இருக்குமே தவிர, கடினமான சொற்கள் குறைவு. போனில் ஓர் ஓப்லைன் அகராதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பகுதி ‘விளங்காதவை’. எட்டாத பெட்டி, அசையாத சிலை, எதற்கென்றே தெரியாத பீடம், உடைக்க முடியாத சுவர், எல்லாம் இங்கே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. தீர்ந்ததும் அதன்மேல் ஒரு கோடு இழுங்கள். புதிய பொருள் ஒன்று கிடைக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் திறக்க வேண்டிய முதல் பக்கம் இதுதான்.

நான்காவது பெயர்கள். அரக்கர், தேவர், ஞானி என்று கல்வெட்டுகளில் வரும் பெயர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு வரி. யார் யாருக்குப் பிள்ளை, யார் எங்கே செத்தார், யார் எதைச் சுமந்தார் என்று சேர்த்துக்கொண்டே போங்கள். இது வெறும் கதை என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். ஒரு தாயும் அவளுக்குப் பிறந்த பல தலைமுறை மக்களும், அவள் வானத்துக்குத் திரும்பிப் போக அவர்கள் எடுத்த முயற்சிகளும்தான் முழு விளையாட்டுக்கும் அடிப்படை. புதிர்கள் அந்தக் கதைக்குள்ளிருந்தே வருகின்றன.

ஐந்தாவது ஜோடிப் பக்கம். அதை வரைபடத்தைப் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

இருவராக உட்கார்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் கேம்பேடைப் பிடிக்க, மற்றவர் எழுத வேண்டும். லயத்து வீட்டில் ஒரு லெப்டொப்பைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருப்பது நமக்குப் புதிதல்ல, அந்த நெருக்கடியே இங்கே உதவி. விளையாடுகிறவரின் கண் எதிரிமேல் இருக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குச் சுவரோவியம் தெரியும். எங்கள் வீட்டில் கொப்பி தங்கச்சியிடம்தான் இருக்கும். “அண்ணே, இந்தப் பேரு முந்தியே எழுதினோமே, அந்த ராட்சசன் பக்கத்தப் பாருங்க” என்று அவள் சொல்லித் திறந்த கதவுகள் பல.

தரைமேல்: முதல் மணி நேரம்

விளையாட்டு தரைமட்டத்தில், ஒரு சிறு கிராமத்துக்குப் பக்கத்தில் தொடங்கும். லெமேஸா கொசுகி என்ற தொல்லியல் பேராசிரியர்தான் நீங்கள். கையில் ஒரு சாட்டை. கிராமத்துப் பெரியவர் செல்புட் கூடாரத்தில் இருப்பார். அவருடன் பேசுங்கள், ஒரு தடவை பேசி நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் பேசுங்கள். பின்னால் அவர் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறிப்புகள் இருக்கும், அவற்றையும் தவறாமல் திறந்து பார்க்க வேண்டும்.

கீழே இருக்கும் பழைய இடிபாடுகளுக்குள் இறங்குவதற்கு முன் கடைகளில் வாங்க வேண்டியவை இரண்டு: ஹேண்ட் ஸ்கேனர், அதோடு எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள். இவை இல்லாமல் கல்வெட்டு எதையும் வாசிக்க முடியாது. அதாவது இவை இல்லாமல் விளையாட்டே தொடங்கவில்லை. ஆயுதக் கடைப் பக்கம் ஆசையாகப் பார்க்க வேண்டாம், காசு முதலில் இதற்கு. காசுக்காகத் தரையில் இருக்கும் பானைகளை எல்லாம் உடையுங்கள். இன்னும் தேவை என்றால் சின்ன எதிரிகளை அடியுங்கள். அறையை விட்டுப் போய் வந்தால் எதிரிகள் திரும்ப வந்திருப்பார்கள்.

காசோடு எடைக்கல்லும் விழும், கடையிலும் விற்பார்கள். எடைக்கல்லைச் சில பீடங்களில் வைத்தால் ஏதாவது திறக்கும், நகரும், விழும். ஒன்றை வைத்தால் அது செலவாகிவிடும். கையில் எப்போதும் சில எடைக்கற்கள் இல்லாமல் கீழே இறங்காதீர்கள். ஆழத்தில் ஒரு பீடத்தின் முன்னால் வெறுங்கையோடு நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

ஹோலி கிரேல் என்ற கிண்ணம் தொடக்கத்திலேயே கிடைக்கும். எல்லாவற்றையும் விட முந்தி அதைத் தேடுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கிரேல் கல் ஒன்று இருக்கும். அதை ஒருமுறை வாசித்துவிட்டால், கிண்ணத்தின் மூலம் அந்த இடத்துக்குத் தாவி வரலாம். சேவ் செய்வதும் அங்கேதான். புதிய பகுதிக்குள் கால் வைத்ததும் உங்கள் ஒரே குறிக்கோள் அந்தப் பகுதியின் கிரேல் கல்லைக் கண்டுபிடிப்பது. அதுவரை பெட்டி, புதிர், சண்டை எதிலும் மாட்டிக்கொள்ள வேண்டாம். கிரேல் கல்லை வாசித்த பிறகு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் துணிந்து போகலாம்.

காலைப் பழக்குவது

பழைய காலத்து விளையாட்டுகளின் ஜம்ப் இது. தரையை விட்டுக் கிளம்பிய பிறகு திசையை நினைத்தபடி மாற்ற முடியாது. விளிம்பில் இருந்து நடந்தே இறங்கினால் நேராகக் கீழே விழுவீர்கள். எதிரி தொட்டால் பின்னால் தள்ளப்படுவீர்கள், அந்தத் தள்ளலில்தான் குழியில் விழுவதும் நடக்கும். ஆகவே பட்டனை அழுத்துவதற்கு முன் மூன்று விஷயத்தைப் பாருங்கள்: எங்கே இறங்கப் போகிறேன், வழியில் எந்த எதிரி எந்தப் பக்கம் நகர்கிறது, தள்ளப்பட்டால் எங்கே விழுவேன்.

கிராமத்துக்குப் பக்கத்திலேயே பழகிக்கொள்ளலாம். நின்ற இடத்தில் ஜம்ப், ஓடிவந்து ஜம்ப், ஜம்ப் செய்யும்போதே சாட்டை, இறங்கும்போது சாட்டை. சாட்டை முன்னால் போவதற்கு ஒரு கணம் பிடிக்கும், அந்தக் கணத்தை உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும். எதிரியை நோக்கி ஓடாமல், அவன் வரும் தூரத்தைக் கணக்கிட்டு நின்று அடிப்பதுதான் இங்கே பாதுகாப்பு.

உயிர் அளவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எதிரிகளை அடிக்க அடிக்க அனுபவக் கோடு நிரம்பும். அது நிரம்பியதும் உயிர் முழுவதும் திரும்பும். எனவே அந்தக் கோடு நிறையும் தறுவாயில் இருக்கும்போது பயந்து கிரேலைப் பிடிக்காமல், பக்கத்தில் இருக்கும் இரண்டு வௌவாலை அடித்துவிட்டு மேலே போகலாம். உயிரின் மொத்த அளவைக் கூட்டுவது சேக்ரட் ஓர்ப் என்ற உருண்டைகள். எங்காவது ஒன்று கண்ணில் பட்டு எட்டாவிட்டால், ‘விளங்காதவை’ பக்கத்தில் சிவப்பில் எழுதுங்கள்.

தண்ணீரில் நின்றால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எரிகுழம்பில் இன்னும் வேகமாக. இரண்டுக்கும் காப்புப் பொருட்கள் பின்னால் வரும். அதுவரை தண்ணீர்ப் பகுதிகளில் நின்று யோசிக்க வேண்டாம், ஏறி நின்று யோசியுங்கள்.

கல்வெட்டை வாசிக்கும் கலை

இந்த விளையாட்டின் இதயம் இங்கே இருக்கிறது, இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

குறிப்புகள் இரண்டு வகை. ஒன்று, அதே அறையையோ பக்கத்து அறையையோ பற்றிப் பேசும். இது சுலபம், எதைச் செய்ய வேண்டும் என்று சுற்றிப் பார்த்தாலே தெரியும். மற்றது, முற்றிலும் வேறொரு பகுதியைப் பற்றிப் பேசும். ஒரு கல்வெட்டை வாசித்து, அது சொல்லும் பொருள் எதுவும் அந்தப் பகுதியில் இல்லை என்றால், அது வேறோர் இடத்துக்கான கடிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். புதிய பகுதிக்குப் போகும்போதெல்லாம் நட்சத்திரம் போட்ட வரிகளை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சுவரோவியமும் சிலையும் எழுத்துத்தான். ‘மோசோலியம் ஆஃப் த ஜயன்ட்ஸ்’ என்ற ராட்சதர் கல்லறையில் நிற்கும் பெரிய உருவங்களைப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு செயல். யார் யார் என்று கல்வெட்டு நேராகச் சொல்லாது. நிற்கும் விதம், கை இருக்கும் நிலை, பக்கத்தில் இருப்பவர் யார் என்பதையெல்லாம் வைத்து நீங்கள்தான் பெயரை ஆளுக்குப் பொருத்த வேண்டும். கொப்பியில் எட்டுக் கோட்டில் ஒரு குச்சி மனிதன் வரைந்தால் போதும், அழகு தேவையில்லை. கையை மட்டும் சரியாக வரையுங்கள். பெயர்ப் பக்கத்தை ஒழுங்காக எழுதி வந்தவருக்கு இந்தக் கல்லறை மிகவும் இன்பமான இடம். வாசிப்பு எப்படிச் சாவியாகிறது என்பதை முதலில் முழுமையாக உணர்வது இங்கேதான்.

சில அறைகளின் பின்சுவரில் பெரிய கண் ஒன்று இருக்கும். அங்கே கண்டதையும் சாட்டையால் அடித்துப் பார்க்கக் கூடாது. தவறான இடத்தில் அடித்தால் மின்னல் இறங்கும். அந்தக் கண்ணை எதிரியாக நினைக்காமல் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அறையில் அடித்துத் திறக்கும் வழி இல்லை, யோசித்துத் திறக்கும் வழிதான் உண்டு என்று அது சொல்கிறது. கண் இல்லாத அறைகளில் சந்தேகம் வரும் சுவர்களை அடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஷெல் ஹோர்ன் என்ற சங்கு கிடைத்ததும் வாழ்க்கை எளிதாகும். நீங்கள் செய்தது ஏதோ ஒரு புதிரைத் தீர்த்தால் அது ஒலிக்கும். ஒலி கேட்டும் அறையில் எதுவும் மாறவில்லையா? அப்படியானால் மாற்றம் வேறோர் அறையில். உடனே எந்த அறையில், என்ன செய்தபோது ஒலித்தது என்று எழுதுங்கள். அப்புறம் பக்கத்து அறைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு கல்வெட்டு தன்னை மறுபடி வாசிக்க வேண்டாம் என்று சொல்லும். அதை உண்மையிலேயே மறுபடி வாசித்துவிட்டால் விளையாட்டு கடினமான நிலைக்கு மாறிவிடும். முதல் தடவை முடிக்கிறவருக்கு அது தேவையில்லை. கல்வெட்டு சொல்வதை நம்ப வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளையாட்டும் சொல்லிக்கொடுத்ததில்லை என்று நினைக்கிறேன்.

வரைபடமும் ஜோடிப் பக்கமும்

இடிபாடுகளுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு முகம். முதலில் நுழையும் ‘கேட் ஆஃப் கைடன்ஸ்’ முன்பக்கம், அதன் பின்பக்கம் ‘கேட் ஆஃப் இல்யூஷன்’. தெமோதரை ரயில் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பதுளையிலிருந்து ஏறி வரும் ரயில் முதலில் அந்த ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் புகுந்து, மலையை வட்டமடித்து, அப்புறம்தான் அதே ஸ்டேஷனுக்கு மேலே வந்து நிற்கும். இங்கேயும் நீங்கள் பல மணி நேரம் நடந்த இடத்துக்குப் பின்னாலேயே இன்னொரு இடம் இருந்திருக்கும், சுற்றி வந்தால்தான் அங்கே போகலாம்.

ஜோடிப் பக்கத்தில் இரண்டு நிரல் போடுங்கள். ராட்சதர் கல்லறைக்கு எதிரே ராட்சதர் இடுகாடு, அதாவது ‘கிரேவ்யார்ட் ஆஃப் த ஜயன்ட்ஸ்’. ‘டெம்பிள் ஆஃப் த சன்’னுக்கு எதிரே ‘டெம்பிள் ஆஃப் மூன்லைட்’. ‘ஸ்பிரிங் இன் த ஸ்கை’ என்ற வானூற்றுக்கு ‘டவர் ஆஃப் த கொடெஸ்’. ‘இன்ஃபெர்னோ கேவர்ன்’ என்ற நெருப்புக் குகைக்கு ‘டவர் ஆஃப் ரூயின்’. ‘சேம்பர் ஆஃப் எக்ஸ்டிங்ஷன்’ என்ற அழிவு அறைகளுக்கு ‘சேம்பர் ஆஃப் பர்த்’. ‘எண்ட்லெஸ் கொரிடோர்’ என்ற முடிவில்லாத வழிக்கு ‘டைமென்ஷனல் கொரிடோர்’ என்ற பரிமாண வழி. சூரியனுக்கு நிலவு, அழிவுக்குப் பிறப்பு என்று பெயர்களே ஒன்றையொன்று கூப்பிடுவதைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் செய்தது மறுபக்கத்தில் எதிரொலிப்பதுண்டு. ஒரு பகுதியில் வழி அடைபட்டால் அதன் ஜோடியில் என்ன பாக்கி என்று பார்ப்பது என் முதல் வேலை.

எந்த வரிசையில் போவது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. தொடக்கத்தில் கைடன்ஸ், ராட்சதர் கல்லறை, சூரியக் கோயில் என்று போவது இயல்பான ஓட்டம். அதற்குப் பின் கதவு எங்கே திறக்கிறதோ அங்கே. அழிவு அறைகளில் இருட்டு, ஆகவே அங்கே அவசரப்பட வேண்டாம். முடிவில்லாத வழியில் அறைகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும், அங்கே சதுரம் வரைவதை நிறுத்திவிட்டு, எந்த வாசலால் போனால் எங்கே வந்தோம் என்று அட்டவணை போடுங்கள். ‘ட்வின் லாபிரின்த்ஸ்’ என்ற இரட்டைக் குழப்பத்தில் முன், பின் இரண்டும் ஒரே பெயரில் இருக்கும். அங்கே கொப்பி இல்லாமல் போகிறவரை நான் தடுத்து நிறுத்துவேன்.

திரும்பி வருவதுதான் இந்த வகை விளையாட்டின் உயிர். இரட்டை ஜம்புக்கு இறகு, சுவரைப் பற்ற நகம், வேகத்துக்குக் காலணி என்று ஒவ்வொன்று கிடைக்கும்போதும் புதிய இடத்தை நோக்கி ஓடாமல், ‘விளங்காதவை’ பக்கத்தை மேலிருந்து கீழாக வாசியுங்கள். இறகு கிடைத்த நாளில் பல வரிகளில் கோடு விழும்.

காவலர்கள்

எட்டுப் பெரிய காவலர்கள், கடைசியில் தாய். கைடன்ஸில் அம்ஃபிஸ்பேனா, ராட்சதர் கல்லறையில் சகிட், சூரியக் கோயிலில் எல்மாக், வானூற்றில் பஹமுட், நெருப்புக் குகையில் வீ, அழிவு அறைகளில் பாலெங்கே, இரட்டைக் குழப்பத்தில் பாஃபொமெட், பரிமாண வழியில் டியாமட்.

அவர்கள் தாமாக வரமாட்டார்கள். ஒவ்வொரு காவலரின் பகுதியிலும் ஆங்க் என்ற உருவம் மறைந்திருக்கும், அதை வெளிக்கொண்டு வருவது ஒரு புதிர். ஆங்க் மணி என்ற கல்லைத் தேடி எடுப்பது இன்னொரு புதிர். மணியை ஆங்க் அருகில் பயன்படுத்தினால்தான் காவலர் எழுவார். எந்த மணியை எந்த ஆங்க்குக்கும் பயன்படுத்தலாம், ஆகவே எளிய காவலர் முதலில், கடினமானவர் பிறகு என்று நீங்களே தீர்மானிக்கலாம். எழுப்புவதற்கு முன் கட்டாயம் சேவ்.

சண்டையில் முதல் சுற்றை வெல்வதற்காக விளையாடாதீர்கள். சாட்டையைத் தொடாமல், அவர் என்னென்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். கொப்பியில் மூன்று வரி: எந்தத் தாக்குதல், அதற்கு முன் என்ன அடையாளம், தப்ப எங்கே நிற்க வேண்டும். அடுத்த சுற்றில் தப்புவதை மட்டும் பழகுங்கள். அதற்குப் பிறகுதான் அடி. அடிக்கும்போது பேராசை வேண்டாம், இரண்டு அடி கிடைக்கும் இடத்தில் ஒன்று போதும்.

ஒவ்வொருவரின் களமும் வேறு. எல்மாக் தண்டவாளத்தில் ஓடும் சுரங்க வண்டியில் நடக்கும் சண்டை, பஹமுட் படகின் மேல் நடப்பது. படகில் நிற்கும்போது பஹமுட்டை விடத் தண்ணீர்தான் ஆபத்து, பின்னுக்குத் தள்ளப்பட்டாலும் படகிலேயே விழும்படி நடுவில் நில்லுங்கள். என் கணக்கில் எட்டுப் பேரில் கடினமானவர் டியாமட். அவரைக் கடைசிக்கு வைத்து, அதற்குள் உயிரின் மொத்த அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

துணை ஆயுதங்களைச் சேமித்துச் சேமித்துக் கடைசிவரை பயன்படுத்தாமல் விடுகிறவர்கள் உண்டு. காவலர் சண்டையில் தாராளமாகச் செலவழியுங்கள். கைத்துப்பாக்கி மட்டும் விதிவிலக்கு. அதன் குண்டுக்கு விலை அதிகம், அதை நம்பி ஒரு திட்டமும் போட வேண்டாம். கேடயம் எறிபொருட்களைத் தடுக்கும், வாங்கி வையுங்கள்.

மாட்டிக்கொண்டால்

எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அப்போது இந்த வரிசையில் போங்கள். ‘விளங்காதவை’ பக்கத்தை வாசிக்கவும். நட்சத்திரம் போட்ட கல்வெட்டுகளை வாசிக்கவும், இந்தத் தடவை வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி. ஜோடிப் பக்கத்தைப் பார்க்கவும். செல்புட்டிடம் போய்ப் பேசவும், வந்த மின்னஞ்சலைத் திறக்கவும். எந்தக் கிரேல் கல்லில் இருந்து அதிக நாள் கிளம்பவில்லையோ, அங்கே தாவிச் சும்மா ஒரு சுற்று நடக்கவும். அறிவு கூடிய பிறகு பழைய அறையைப் பார்த்தால் அதுவரை தெரியாதது தெரியும்.

இவ்வளவும் செய்து, சில நாள் இடைவெளியும் விட்டு, அப்புறமும் நகரவில்லை என்றால் நெட்டில் தேடலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சில புதிர்கள் உண்மையிலேயே மிகவும் கடினம். ஆனால் விடையை வாசித்தவுடன் உங்கள் கொப்பியில் அதற்கான குறிப்பு எங்கே இருந்தது என்று தேடிப் பாருங்கள். குறிப்பு உங்களிடம் இருந்தும் கவனிக்கவில்லையா, அல்லது அந்தக் கல்வெட்டையே வாசிக்கவில்லையா? எது என்று தெரிந்துகொண்டால் அடுத்த புதிருக்கு அது உதவும்.

தாயும் வெளியேறும் வழியும்

எட்டுக் காவலர்களும் விழுந்த பிறகும் வேலை முடியாது. மந்திரங்களைக் கற்று, உரிய இடங்களில் ஓத வேண்டும். அவற்றுக்கான குறிப்புகள் முழு இடிபாட்டிலும் சிதறிக் கிடக்கும். பெயர்ப் பக்கமும் தலைமுறைக் கதையும் முழுப் பலனைத் தருவது இந்தக் கட்டத்தில்தான், ஆகவே இதற்கு முன் ஒரு மாலை முழுவதும் கொப்பியை மட்டும் வாசியுங்கள், லெப்டொப்பைத் திறக்க வேண்டாம்.

ஹெல் டெம்பிள் என்று ஒரு மறைவிடமும் உண்டு. விளையாட்டிலேயே கொடூரமான பகுதி அது, கதைக்குத் தேவையில்லை. முதல் தடவை அதை விட்டுவிட்டுத் தாயை நோக்கிப் போவதே சரி.

தாயை வீழ்த்தியதும் இடிபாடு சரியத் தொடங்கும், நேரம் ஓடும், நீங்கள் காலால் ஓடியே வெளியே வர வேண்டும். பலர் இதை எதிர்பார்க்காமல் கடைசி நிமிடத்தில் வழி தவறுகிறார்கள். அதனால் தாயை எழுப்புவதற்கு முன்பே, அவள் கோயிலில் இருந்து தரைமட்டம்வரை உள்ள பாதையை உங்கள் வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். எந்த அறையில் ஏணி, எந்த அறையில் இடப்பக்கம், எங்கே இரட்டை ஜம்ப் என்று ஓரத்தில் எழுதுங்கள். ஓடும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து “அடுத்தது ஏணி, அப்புறம் இடது” என்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தால், உங்கள் கண் திரையை விட்டு நகர வேண்டியிருக்காது.